பிரிட்ஜ்ஸ்டோன் எம்பி-3: கட்டைவிரலுக்கு வாய்த்த வண்டி

இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் ஒரு சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஹேண்டில்பாரின் மேல், வலது கைப்பிடியை ஒட்டி, கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடத்தில் அது இருக்கிறது. கியர் லீவர். முன்னால் தள்ளினால் பின்சக்கரத்தில் செயின் பெரிய பல்லுக்கு ஏறும், பின்னால் இழுத்தால் சின்னப் பல்லுக்கு இறங்கும். ஏழு பல்லுக்கும் ஏழு இடம், ஒவ்வோர் இடத்திலும் ஒரு 'டக்'. லீவரோடு சேர்ந்தாற்போல ஒரு சிறு வளையமும் உண்டு. அதைத் திருப்பிவிட்டால் 'டக்' எல்லாம் மறைந்துபோகும். அதற்குப் பிறகு லீவர் எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். கியர் சரியாக விழுந்ததா என்று சொல்ல வேண்டியது நம் காதும் விரலும்தான். ஒன்று வீணை, மற்றது வயலின். மெட்டுக் கட்டிய கருவியையும் மெட்டே இல்லாத கருவியையும் ஒரே லீவருக்குள் வைத்திருக்கிறார்கள்.

முதல் முறைக்கு இண்டெக்ஸ் என்று பெயர், இரண்டாவதற்கு ஃப்ரிக்‌ஷன். இந்தச் சைக்கிளை ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டி, கோடையிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மற்ற விவரங்களைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன்: முன்னால் மூன்று, பின்னால் ஏழு, ஆக 21 கியர். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுச் சட்டம், 26 அங்குலச் சக்கரம், சஸ்பென்ஷன் எங்கும் கிடையாது. 1990 வாக்கில் ஜப்பானில் செய்தது. அந்தக் காலத்து நல்ல மலைச் சைக்கிள் எதிலும் இவை இருக்கும். லீவர் மட்டும் இதை விற்ற மனிதர் பின்னால் வாங்கிப் பூட்டியது. ஷிமானோவின் டியோர் எக்ஸ்டி வரிசை, எம்732 என்ற எண்.

இந்தச் சிறு வளையம் ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு தொழில் போட்டி இருக்கிறது. செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பின்பக்க டிரெய்லரைச் சாய்ந்த இணைகர வடிவில் அமைத்து, பல்சக்கரங்களின் சரிவோடு ஒட்டியே நகரும்படி செய்தது சன்டூர் என்ற ஜப்பானிய நிறுவனம். ஆண்டு 1964. அந்தக் காப்புரிமை 1984-இல் முடிந்தது. அதே ஆண்டு ஷிமானோ சாய்ந்த இணைகரத்தையும் 'டக்' லீவரையும் சேர்த்து எஸ்ஐஎஸ் என்ற பெயரில் பந்தயச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அது மலைச் சைக்கிளுக்கும் வந்தது. ஆனால் மலையில் ஓட்டியவர்கள் அதை முழுக்க நம்பவில்லை. பாறையில் ஒருமுறை விழுந்தால் டிரெய்லர் தொங்கும் காது வளையும், அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் 'டக்' எல்லாம் தப்பிப்போகும், வீடு பத்து மைல் தள்ளி இருக்கும். அப்படி வழியில் மாட்டிக்கொண்டவருக்காகத்தான் வளையம். இண்டெக்ஸ் கெட்டால் திருப்பு, ஃப்ரிக்‌ஷனில் வீடு போய்ச் சேர். தங்கள் புதுமை ஒருநாள் தவறலாம் என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கான வழியையும் அதே பொருளுக்குள் வைத்துக் கொடுத்த பொறியாளர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்த வழியைச் சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். 1990-ஐ ஒட்டி ரேபிட்ஃபயர் வந்தது. ஹேண்டில்பாரின் அடியில் இரண்டு பொத்தான்கள், உள்ளே பல்லும் தடையும் ஸ்பிரிங்கும் நிறைந்த ஒரு சின்னக் கடிகாரம். பிரேக் லீவரும் அதோடு ஒரே துண்டாக வந்தது. புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் வேலை செய்தது. முப்பது ஆண்டு கழித்து அதற்குள் இருக்கும் கிரீஸ் மெழுகாக இறுகிவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் ஒன்றையும் பற்றாமல் உள்ளே போய்வருகிறது. கரைப்பான் அடித்துக் கழுவினால் பல சமயம் உயிர் வரும், சில சமயம் வராது. வராவிட்டால் திறந்து பழுதுபார்ப்பது அநேகமாக முடியாத காரியம், பிரேக் லீவரையும் சேர்த்தே கழற்ற வேண்டும். என் கட்டைவிரல் லீவரில் இறுகுவதற்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு திருகைக் கழற்றி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், அவ்வளவுதான்.

பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் நம்மில் பலருக்கு டயர்தான் நினைவுக்கு வரும். ஜப்பானில் அவர்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சைக்கிளும் செய்யத் தொடங்கியவர்கள். அமெரிக்கக் கிளை கலிஃபோர்னியாவின் சான் லியாண்ட்ரோவில் இருந்தது. நான் வசிக்கும் ஃப்ரீமான்டிலிருந்து காரில் அரை மணி நேரத் தூரம். அங்கே வண்டிகளின் வடிவத்தையும் பாகங்களையும் தீர்மானித்தவர் கிராண்ட் பீட்டர்சன். எல்லா நிறுவனங்களும் ரேபிட்ஃபயருக்கு ஓடிய ஆண்டுகளில் அவர் கட்டைவிரல் லீவரை விடவில்லை, ஏன் விடவில்லை என்பதைத் தங்கள் கேட்டலாக்கிலேயே வாங்குபவருக்கு விளக்கி எழுதினார். சட்டத்தின் குழாய்களை வெறுமனே உருக்கி ஒட்டாமல், லக் என்ற உறைக்குள் செருகிப் பித்தளை பாய்ச்சி இணைக்கும் பழைய முறையையும் அவர் விடவில்லை. 1985-இல் ஒரு டாலருக்கு சுமார் 240 யென் என்றிருந்த மதிப்பு, 1994 வாக்கில் சுமார் 100 யென்னுக்கு வந்துவிட்டது. ஜப்பானில் செய்த சைக்கிளை அமெரிக்காவில் விற்று லாபம் பார்க்க வழியே இல்லாமல் போயிற்று. 1994-இல் பிரிட்ஜ்ஸ்டோன் அமெரிக்கச் சைக்கிள் வியாபாரத்தை மூடியது. பீட்டர்சன் அதே ஆண்டு ரிவண்டெல் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். வால்நட் கிரீக்கில் இன்றும் அது லக் வைத்த எஃகுச் சட்டம் விற்கிறது, ஃப்ரிக்‌ஷன் லீவரும் விற்கிறது.

எனக்கு இந்த வண்டி கிடைத்தது ஹேவர்டில் ஒரு கராஜ் சேலில். விலை நூறு டாலர். பெயர்ச் சீட்டுகளில் பாதி உரிந்திருந்தன. இப்படிப் பெயர் தெரியாமல் ஒரு சைக்கிள் முன்னால் வந்து நின்றால் எங்கிருந்து தொடங்குவது என்று பலர் கேட்கிறார்கள். ஸ்டிக்கரை நம்பக் கூடாது, அதை யாரும் அச்சிட்டு ஒட்டலாம். பெயின்டையும் நம்பக் கூடாது. பெடல் அச்சுக் கூட்டின் அடியில் அடித்திருக்கும் வரிசை எண் உதவும், ஆனால் அந்த நிறுவனத்தின் அட்டவணை கையில் இருந்தால்தான். எல்லார் கைக்கும் எட்டும் வழி பாகங்களின் பின்புறத்தில் இருக்கிறது. ஷிமானோ தன் டிரெய்லர், கிராங்க், ஹப் போன்றவற்றில் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பொறித்து வந்தது. முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். என் வண்டியின் டிரெய்லரைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தபோது 'என் எல்' என்று இருந்தது. 1989 டிசம்பர். பின்சக்கர ஹப்பிலும் அதே காலத்து எழுத்துகள். இரண்டு பாகங்கள் ஒரே சாட்சி சொன்னால் அதற்கு எடை அதிகம். ஒரு பாகம் மட்டும் சொன்னால் அது பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம்.

எழுத்துகள் அழிந்திருந்தாலும் வண்டி தன் வயதைச் சொல்லும். பின்பிரேக் பெடல் அச்சுக்குப் பின்னால், சட்டத்தின் அடிக் குழாய்களில் மாட்டியிருந்தால் அது பெரும்பாலும் யூ பிரேக், 1980-களின் பிற்பாதி. சேறு முழுவதையும் அள்ளிச் சேர்த்துக்கொள்ளும் அந்த இடத்தில் பிரேக்கை வைக்கும் வழக்கம் சில ஆண்டுகளிலேயே ஒழிந்தது. பெடல் பல்சக்கரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் பயோபேஸ், அதுவும் அந்தக் காலம்தான். பின்னால் ஐந்தோ ஆறோ பல்சக்கரம் என்றால் 80-களின் நடுப்பகுதி அல்லது அதற்கு முன். ஏழு என்றால் 80-களின் கடைசியும் 90-களின் தொடக்கமும். நீண்ட கை வைத்த வி பிரேக் தொழிற்சாலையிலிருந்தே வந்திருந்தால் 1996-க்கு முன் போக முடியாது.

தரத்தைச் சொல்வது இன்னொன்று, அதை யாரும் பார்ப்பதில்லை. சீட் போஸ்டின் விட்டம். சீட் குழாயின் வெளி விட்டம் பெரும்பாலான எஃகு வண்டிகளில் 28.6 மி.மீ. உள்ளே போகும் போஸ்ட் 27.2 மி.மீ. என்றால் குழாயின் சுவர் மெல்லியது, நல்ல எஃகு. 25.4 என்றால் சுவர் தடித்தது, கனமான மலிவுக் குழாய். போஸ்டின் அடிப்பகுதியில் அளவு அச்சிட்டிருக்கும். ஸ்டிக்கர் சொல்லும் பெருமையைவிட இந்த ஓர் எண்ணை நான் அதிகம் நம்புவேன்.

இனி விலை. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

நான் வசிப்பது மலைச் சைக்கிள் பிறந்த ஊர்ப்பக்கம்தான். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், 1976-இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. பழைய பருத்த டயர் சைக்கிள்களில் இறங்குவார்கள். கீழே வருவதற்குள் பின்சக்கர ஹப் பிரேக்கில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருக்கும். அந்த வட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ், டாம் ரிட்சி, கேரி ஃபிஷர் ஆகியோர் கையால் செய்த முதல் சில ஆண்டு வண்டிகள் இன்று சேகரிப்பாளர்களின் உலகம், அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுப்பவர்கள் உண்டு. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தொழிற்சாலையில் செய்து விற்ற ஸ்டம்ப்ஜம்பர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோனிலேயே எம்பி-1, எக்ஸ்ஓ-1 இரண்டுக்கும் தனி மவுசு. என்னுடைய எம்பி-3 அந்த வரிசையில் வராது. இது சம்பளக்காரர் வாங்கி, வேலைக்கும் மலைக்கும் ஓட்டிய வண்டி. பழையது என்பதாலேயே எதுவும் அரியதாகிவிடாது. 'விண்டேஜ்' என்று எழுதி, துருப்பிடித்த சூப்பர்மார்க்கெட் சைக்கிளுக்கு நானூறு டாலர் கேட்கிறவர்களிடம் பேரம்கூடப் பேச வேண்டாம்.

கோபம் அதனால் அல்ல. இந்த வண்டியில் இருக்கும் லீவர் ஜோடியைத் தனியாகக் கழற்றி விற்றால், நல்ல நிலையில் இருப்பதால், நான் மொத்த வண்டிக்கும் கொடுத்த விலை அநேகமாகத் திரும்பி வந்துவிடும். அதனால்தான் நாடெங்கும் இவற்றைப் பிய்க்கிறார்கள். முழுசாக ஓடுகிற ஒரு சைக்கிளை வாங்குவது, கட்டைவிரல் லீவர், ஹப், டிரெய்லர் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாக விற்பது, மிஞ்சும் சட்டத்தைக் குப்பைக்கு அனுப்புவது. கணக்குப்படி சரிதான். ஆனால் லக் வைத்து, பித்தளை பாய்ச்சி, ஒரு கைவினைஞர் அரம் போட்டுத் தேய்த்த சட்டத்துக்குத் தனியாக விற்றால் ஐம்பது டாலரும் கிடைக்காது என்பதாலேயே அது பழைய இரும்பாகிறது. ஒரு சந்தை பாகத்துக்குக் கொடுக்கும் விலை முழுமைக்குக் கொடுக்கும் விலையைவிடக் கூடிவிட்டால், முழுமையாக எதுவும் மிஞ்சாது. இன்னும் இருபது ஆண்டில் ஓடும் நிலையில் ஒரு எம்பி-3-ஐப் பார்க்க ஃபேர்ஃபாக்ஸில் இருக்கும் சைக்கிள் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அரிய வண்டி காப்பாற்றப்பட்டுவிடும், அதற்குக் காவலர்கள் உண்டு. நடுத்தர வண்டிக்குத்தான் யாரும் இல்லை.

விற்றவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். இந்த வண்டியில்தான் பல ஆண்டு வேலைக்குப் போய்வந்ததாகச் சொன்னார். பணத்தை வாங்கிக்கொண்டு, "பிரித்து விற்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, ஓட்டப் போகிறேன்" என்றேன். உள்ளே போய் ஒரு பழைய சாவி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் இந்த வண்டிக்கு என்று அவர் எடுத்து வைத்திருந்த ஹப் கோன்களும் பிரேக் ஒயர் முனைகளும் இருந்தன.

நம் ஊர் சைக்கிள் கடைகளில் 'ஓவராயில்' என்று ஒரு வேலை உண்டு. வண்டியை முழுக்கப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது பால்ரஸ் போட்டு, கிரீஸ் வைத்துப் பூட்டுவது. பழைய மலைச் சைக்கிளுக்கும் அதேதான். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, வரிசைதான் முக்கியம். எந்த வேலைக்கும் முன்னால் அசையாத இரண்டை அசைக்க வேண்டும்: சீட் போஸ்ட், ஹேண்டில் ஸ்டெம்.

எஃகுக் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட் பல ஆண்டு வியர்வையும் மழைநீரும் குடித்துக்கொண்டு நின்றால், இரண்டு உலோகத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடந்து, அலுமினியம் ஆக்ஸைடாக ஊதிக் குழாயோடு ஒன்றிப்போகும். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. சுத்தியலால் அடித்துப் பார்க்கக் கூடாது, குழாய்தான் கோணும். பெடல் அச்சைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அடியிலிருந்து துருநீக்கி எண்ணெயை விட்டேன். எண்ணெய் போஸ்டின் உள்முனையில் தேங்கி ஊற நாட்கள் பிடிக்கும். அலுமினியம் எஃகைவிட அதிகமாகச் சுருங்கும் உலோகம், அதனால் போஸ்டைப் பனிக்கட்டியால் குளிரவைப்பதும் உதவும். பிறகு சீட்டைக் கழற்றி, போஸ்டின் தலையை மேஜையோடு பூட்டிய வைஸில் இறுக்கிப் பிடித்து, சட்டத்தையே நெம்புகோலாக வைத்து மெல்லத் திருப்பினேன். ஒரு நிலையில் 'கிரீச்' என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு வேலை சுலபம். அதற்கும் அசையாத போஸ்டைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது அலுமினியத்தை மட்டும் தின்னும், எஃகை விட்டுவிடும். ஆனால் கண்ணையும் தோலையும் பொசுக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், திறந்த வெளியில் முழுப் பாதுகாப்போடு செய்ய வேண்டிய கடைசி வழி அது. பழைய சைக்கிள் வாங்கப் போகும்போது கையில் ஒரு ஆலன் சாவியோடு போய், விற்பவரின் முன்னாலேயே போஸ்ட் அசைகிறதா என்று பாருங்கள். அசையாவிட்டால் விலையைப் பாதியாகக் குறைப்பதில் தவறே இல்லை.

மற்றவை நிதானமான வேலை. பெடல் அச்சின் வலதுபக்கக் கிண்ணத்துக்கு இடதுமரை, கடிகார முள் திசையில் திருகினால்தான் கழலும். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குல பால்ரஸ், முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, அளவு 3/16 அங்குலம். கிண்ணம் பளபளவென்று இருந்தால் அதிர்ஷ்டம், குழி விழுந்திருந்தால் கோனை மட்டும் மாற்றிப் பயனில்லை. குவிக் ரிலீஸ் அச்சு இறுகும்போது கொஞ்சம் நசுங்கும், அதனால் கோனை ஒரு நூல் தளர்வாகவே விட்டு, சக்கரத்தைப் பூட்டிய பிறகு ஆட்டம் போகிறதா என்று பார்க்க வேண்டும். ரிம்மில் கோட்டம் எடுத்தேன். துருப்பிடித்த போல்ட்டுகள் ஆக்சாலிக் அமிலத் தண்ணீரில் ஓர் இரவு கிடந்து வெள்ளையாக வந்தன. பெயின்டைத் தொடவில்லை. கீறலும் சிராய்ப்பும் இந்த வண்டியின் சொந்தக் கணக்கு, புதிதாக அடித்து அதை அழிப்பவர்களை எனக்குப் புரிந்துகொள்ள முடியவில்லை. துருவின் மேல் மட்டும் தெளிந்த மெழுகு தேய்த்தேன்.

லீவருக்கு நான் செய்த பெரிய உபகாரம் புது ஒயர்தான். கியர் ஒயரின் வெளி உறை பிரேக் உறைபோலச் சுருள்கம்பியால் ஆனதாக இருக்கக் கூடாது. கம்பிகள் நீளவாக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் இழுக்கும்போது உறை நசுங்காமல் 'டக்'கின் அளவு அப்படியே டிரெய்லரைப் போய்ச் சேரும். மாறாக, அந்த நீளக்கம்பி உறையைப் பிரேக்குக்குப் போட்டால் அவசரத்தில் அழுத்தும்போது பிய்த்துக்கொண்டு வெளியே வரலாம், உயிருக்கு ஆபத்து. பல பழைய வண்டிகளில் 'கியர் சரியாக விழவில்லை' என்ற புகாருக்குக் காரணம் டிரெய்லர் அல்ல, முப்பது வருஷத்து உறை. புதுசு போட்டு, முனையைச் சமமாக வெட்டி அரம் போட்டுத் தேய்த்ததும், 1989-இன் டிரெய்லர் ஏழு பல்லிலும் தயங்காமல் ஏறி இறங்குகிறது. விரலுக்கு வரும் அந்த 'டக்' தெளிவாக, உலோகத்தில் உலோகம் பதிவதாக இருக்கிறது. இன்றைய விலை உயர்ந்த வண்டிகளிலும் இப்படி ஒரு பதிவை நான் உணர்ந்ததில்லை.

ஓட்டுவதற்கு வருவோம். ஓக்லாந்துக்கு மேலே ரெட்வுட் ரீஜனல் பார்க்கில் வெஸ்ட் ரிட்ஜ் பாதை ஏறி இறங்குவதுதான் என் சவாரி. அகலமான மண் பாதை, கோடையில் புழுதி, மழைக்குப் பிறகு செம்மண் களி. அங்கேதான் இந்த லீவர் தன்னை முழுக்கக் காட்டியது. நவீனப் பொத்தானில் ஒரே அழுத்தில் இரண்டு மூன்று பல்தான் மாறும். இதில் கட்டைவிரலின் ஒரே வீச்சில் மேலிருந்து கீழ்வரை முழு வரிசையும் தாண்டலாம். வளைவு திரும்பியதும் எதிர்பாராமல் செங்குத்து ஏற்றம் வந்தால், ஒரு தள்ளலில் கடைசிப் பல். லீவர் நிற்கும் கோணத்தைக் கட்டைவிரல் தொட்டுப் பார்த்தாலே எந்தக் கியரில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும், கீழே குனிந்து பார்க்க வேண்டாம். இடதுபக்க லீவருக்கு 'டக்'கே கிடையாது, எப்போதும் ஃப்ரிக்‌ஷன்தான். முன் பல்சக்கரங்களில் செயின் சாய்ந்து உரசினால் ஒரு மயிரிழை நகர்த்தி உரசலை நிறுத்திவிடலாம். இண்டெக்ஸ் வைத்த முன் லீவரில் இது கனவு.

இப்போதெல்லாம் வலது லீவரையும் ஃப்ரிக்‌ஷனிலேயே ஓட்டுகிறேன். அவசியம் ஒன்றும் இல்லை, இண்டெக்ஸ் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வளையத்தைத் திருப்பிய பிறகு செயின் பல்லில் ஏறும் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினேன். சரியாக விழுந்த கியருக்கும் அரைகுறையாக விழுந்ததற்கும் உள்ள வித்தியாசம் முதலில் காதில் கேட்கிறது, பிறகு பாதத்தில் தெரிகிறது, பழகியபின் லீவரை நகர்த்தும்போதே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. ஏற்றத்தில் பெடலின் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தி, கியரை மாற்றி, மறுபடி அழுத்தும் தாளம் தானாக வந்தது. இந்தக் கவனத்தை வேறு எந்த வண்டியும் என்னிடம் கேட்டதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. பிரேக் ரப்பர் தேய்த்துத் தேய்த்து என் பின் ரிம் ஒருநாள் மெலிந்துபோகும். அப்போது ஏழு பல் ஹப்பைத் தேடி அலைய வேண்டாம். எங்கும் கிடைக்கும் எட்டுப் பல் சக்கரத்தை மாட்டலாம், ஃப்ரிக்‌ஷனுக்கு எத்தனை பல் என்ற கணக்கு இல்லை.

குறைகளும் உண்டு. கான்டிலீவர் பிரேக்கைச் சரியாக வைப்பது பொறுமையைச் சோதிக்கும். இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்கு ஒயரின் உயரம் கொஞ்சம் மாறினாலும் பிடி மாறிவிடும். ரப்பரின் முன்முனையை ரிம்மை நோக்கிச் சற்றே சாய்த்து வைக்காவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறும். பழைய ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. கூல்-ஸ்டாப்பின் செம்மண் நிற ரப்பர் போட்ட பிறகுதான் ஈரத்திலும் நம்பி இறங்க முடிந்தது. அப்படியும் டிஸ்க் பிரேக்குக்குப் பழகிய கைக்கு இது போதாது என்றுதான் தோன்றும், இறக்கத்தில் வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்ள வேண்டும். உட்காரும் நிலை அந்தக் காலப் பந்தய மோகத்தின் மிச்சம்: நீண்டு, தாழ்ந்து, எடையெல்லாம் உள்ளங்கையில். ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. ஒரு அங்குல ஸ்டியரர் குழாய்க்கு நிட்டோ நிறுவனம் இன்றும் செய்யும் உயரமான ஸ்டெம்மைப் போட்டு ஹேண்டில்பாரை மேலே தூக்கினேன், மரப்பு நின்றது. சேகரிப்பாளர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பழைய ஸ்டெம்மைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அது போதும்.

டயர் பற்றிக் கவலை வேண்டாம். 29 அங்குலச் சக்கரம் வந்தபிறகு புது வண்டிகளில் 26 அநேகமாகக் காணாமல் போனாலும், 559 மி.மீ. ரிம்முக்கு நல்ல டயர்கள் இன்னும் செய்கிறார்கள். பனரேசர், ஷ்வால்பே இரண்டிலும் கிடைக்கிறது. ரெனே ஹெர்ஸ் நிறுவனத்தின் மெல்லிய, அகலமான 26 அங்குல டயர் விலை அதிகம், ஆனால் சஸ்பென்ஷன் இல்லாத எஃகு வண்டியில் அது தரும் மென்மை தனி. டயர், ஒயர், ரப்பர், பால்ரஸ், புது பெடல் அச்சு, ஸ்டெம் எல்லாம் சேர்த்து வண்டியின் விலையைவிட அதிகமாகவே செலவானது. திரும்ப விற்றால் அந்தப் பணம் வராது. விற்பதற்காகச் செய்கிறவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஓட்டப் போகிறவருக்கு, இதே பணத்துக்குக் கடையில் கிடைக்கும் எந்தப் புது வண்டியும் இதன் பக்கத்தில் நிற்காது.

வாங்க நினைப்பவர்கள் 1980-களின் கடைசியிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை ஜப்பானிலோ தைவானிலோ செய்த, சஸ்பென்ஷன் இல்லாத எஃகு வண்டியைத் தேடுங்கள். ஏழு பல், கான்டிலீவர் பிரேக், பின்சக்கர இடைவெளி 135 மி.மீ. இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்றைய கடைப் பாகங்களால் சரிசெய்துவிடலாம். முன்பக்கம் எதிலாவது மோதியிருந்தால் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கியோ புடைத்தோ இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், அப்படி இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சட்டம் நேராக இருந்து, போஸ்ட் அசைந்து, கட்டைவிரல் லீவரை மட்டும் யாரோ ஏற்கெனவே கழற்றி விற்றிருந்தால் தயங்காதீர்கள். மைக்ரோஷிஃப்ட் இன்றும் இண்டெக்ஸ், ஃப்ரிக்‌ஷன் இரண்டும் உள்ள கட்டைவிரல் லீவர் செய்கிறது, சன்ரேஸின் சாதாரண ஃப்ரிக்‌ஷன் லீவர் அதைவிட மலிவு. அதில் எக்ஸ்டியின் 'டக்' இருக்காது. ஆனால் குப்பைக்குப் போகவிருந்த ஒரு சட்டம் அந்த லீவரோடு மறுபடி மலை ஏறும்.